பாடியவர் பெயர் மட்டும் போதாது

கொச்சியில் இசைப் பதிவுகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கேட்டு மகிழும் நண்பர்களுக்கு,

நாம் எங்கே சந்தித்துக்கொண்டாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்போ என்ன கேட்டுக்கிட்டிருக்கீங்க?" நம்மில் ஒருவர் மட்டாஞ்சேரி மிளகு மண்டியில் கணக்கு எழுதுகிறார். இன்னொருவர் எர்ணாகுளத்தில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருப்பூணித்துறையில் குழந்தைகளுக்கு வயலின் சொல்லித் தரும் அம்மா ஒருவர் இருக்கிறார். நான் வைப்பினிலிருந்து அக்கரைக்கு ஜங்கார் படகில் போய்வருகிறவன். வயதும் தொழிலும் வேறாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பதில் ஒரு பதிவாகக் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அப்படி நீங்கள் அனுப்பியவற்றால் வளர்ந்த காது என்னுடையது. அந்த நன்றியோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் பதிவு அனுப்பும்போது பாடியவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். வயலின் யார், மிருதங்கம் யார், கடமோ கஞ்சிராவோ இருந்தால் யார், எந்த ஊர்க் கச்சேரி, எந்த ஆண்டு, உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது, இவற்றைத் தெரிந்தவரை எழுதி அனுப்புங்கள். "எம்.டி.ஆர். சஹானா, கண்டிப்பா கேளுங்க" என்று வரும் பதிவில் பாதிக் கச்சேரிதான் வருகிறது.

நான் இப்போது கேட்டுக்கொண்டிருப்பவற்றை வைத்தே இதை விளக்குகிறேன்.

முதலில் எம்.டி. ராமநாதன். பாலக்காட்டு மஞ்சப்பிராவில் 1923-ல் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரிடம் கற்று, கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்து, 1984-ல் மறைந்தவர். ஒரு கட்டைக்கும் கீழே சுருதி வைத்து, அவசரம் என்பதே அறியாமல் பாடுகிறவர். நான் கேட்பது அவர் பாடிய ஒரு கச்சேரி; திருப்பூணித்துறை அம்மா தன் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்த கேசட் அது. பெட்டிக்குள் இருந்த அட்டையில் ஊதா மையில் பொடி எழுத்து: வயலின் டி.என். கிருஷ்ணன், மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன். கீழே ஒவ்வொரு உருப்படிக்கும் ராகம், தாளம். ஆண்டும் ஊரும் எழுதியிருந்த மூலையை மட்டும் பூஞ்சை தின்றுவிட்டது.

அந்த இரண்டு பெயர்களைப் படித்த பிறகு கேட்ட விதமே வேறு. ராமநாதன் ஒரு ஸ்வரத்தில் வந்து நின்று, அதைவிட்டு நகர மனமில்லாமல் இருக்கிறார். அந்த நீண்ட இடைவெளியில் கிருஷ்ணனின் வில் என்ன செய்கிறது என்று கவனித்தேன். அவர் அந்த இடத்தை நிரப்பப் பார்க்கவில்லை. பாடகர் விட்ட அதே ஸ்வரத்தை மெலிதாகப் பிடித்துக்கொண்டு, அவர் அடுத்து வாய் திறக்கும்வரை காத்திருக்கிறார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் ராமநாதனின் விளம்ப காலம் பாதியில் தொய்ந்துபோயிருக்கும். கிருஷ்ணன் நம் திருப்பூணித்துறையில் பிறந்தவர். 2020 நவம்பரில் சென்னையில் காலமானார். பூர்ணத்ரயீசர் கோயில் விருச்சிக உற்சவத்துக்கு ஆண்டுதோறும் போகிற நாம், அந்த மண்ணில் பிறந்த ஒருவரின் பெயரை அவர் வாசித்த பதிவிலிருந்தே உதிரவிடலாமா?

இரண்டாவது, எம்.எஸ். சுப்புலக்ஷ்மி 1966 அக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் பாடிய கச்சேரி. இதை நம்மில் கேட்காதவர் இருக்க முடியாது. எத்தனையோ பேர் எத்தனையோ முறை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அன்று அவருடன் வயலின் வாசித்தவர் வி.வி. சுப்ரமணியம். வடக்காஞ்சேரிக்காரர். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். மிருதங்கம் டி.கே. மூர்த்தி. நெய்யாற்றின்கரையில் பிறந்து, தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் கற்று, பல பத்தாண்டுகள் எம்.எஸ்ஸுக்குத் துணை நின்றவர். கூடப் பாடியவர் ராதா விஸ்வநாதன். உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்த அந்தக் கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் வாசித்த இருவருமே கேரளத்தில் பிறந்தவர்கள் என்பது கொச்சியிலேயே பலருக்குத் தெரியாது. பதிவோடு பெயர் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, செம்பை வைத்தியநாத பாகவதர். அவரோடு மைசூர் சௌடய்யா வாசித்த பதிவொன்றை மண்டி நண்பர் அனுப்பியிருந்தார். சௌடய்யாவை அடையாளம் காண அதிகப் பயிற்சி தேவையில்லை. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பெரிய பந்தலின் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று நான்கு தந்தி வயலினை ஏழு தந்தியாக்கி வாசித்தவர் அவர். அந்தக் கனத்த நாதம், பழைய டேப்பின் இரைச்சலையும் தாண்டி எழும்பி வருகிறது. எதிரில் செம்பையின் வெண்கலக் குரல். இருவரும் ஒருவருக்கொருவர் சளைக்காமல் ஸ்வரம் போடுவதைக் கேட்டால், அதைச் "செம்பை கச்சேரி" என்று மட்டும் குறிப்பிட மனம் வராது. செம்பையின் மாணவர்தான் ஃபோர்ட் கொச்சியில் 1940-ல் பிறந்த யேசுதாஸ் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குருபரம்பரையைப் பெருமையாகச் சொல்கிற நாம், குருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

நான்காவதாக ஒரு பழைய இசைத்தட்டின் பதிவு. கிரானா கரானாவின் உஸ்தாத் அப்துல் கரீம் கான் கரஹரப்ரியாவில் பாடிய தியாகராஜர் கிருதி. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். ஜங்கார் வைப்பின் கரையை விட்டு ஃபோர்ட் கொச்சி சேர்வதற்குள் அதைக் கேட்டு முடித்துவிடலாம். 1937-ல் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர் விட்டவர் அவர். வடக்கத்திப் பாடகர் ஒருவர் தெற்கத்தி இசையை இவ்வளவு ஆசையோடு தொட்டதை மட்டாஞ்சேரியில் இருந்து கேட்பது பொருத்தம். குஜராத்திகளும் கச்சிகளும் கொங்கணிகளும் தமிழர்களும் அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்த ஊர் இது. பாடகர்கள் மெஹ்பூப் பாயும் பிறகு உம்பாயியும் ஹார்மோனியத்தோடு இரவுகளை நிறைத்த ஊர்.

மெஹ்பூப் பாய் பெயரைச் சொன்னதும் ஒரு வருத்தம் கூடவே வருகிறது. 1951-ல் வந்த 'ஜீவிதநௌகா' தொடங்கித் திரையில் அவர் பாடியவை இன்றும் கிடைக்கின்றன. கல்யாண வீடுகளிலும் மாடியறைகளிலும் விடியவிடியப் பாடியவை பெரும்பாலும் கேட்டவர்களின் நினைவோடு முடிந்துவிட்டன. அந்த இரவுகளில் தபலா வாசித்த கைகள் யாருடையவை என்று எழுதிவைக்க ஒரு அட்டைகூட இல்லாமல் போயிற்று. பதிவே இல்லாததற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. பதிவு இருந்தும் பெயர் இல்லாமல் போவதை நம்மால் தடுக்க முடியும்.

இது புதிதாகக் கிளம்பிய கவலை ஒன்றுமில்லை. இந்தியாவில் முதன்முதலாக இசைத்தட்டு பதிந்தபோதே பெயர் ஒரு பிரச்சினையாக இருந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பெர்க் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கே வேலை செய்பவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டும். அதனால் பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். நூற்றிருபது ஆண்டு கழித்தும் அவரை நாம் ஐயமில்லாமல் அறிவது அந்தக் குரலால்தான். அன்று அவருக்குப் பின்னால் இருந்த வாத்தியக்காரர்கள் அப்படிப் பெயர் சொல்லவில்லை. அவர்களை யாரும் சொல்லச் சொல்லவுமில்லை.

அந்தத் தட்டுகளில் நடுவே ஒட்டிய தாளுக்கும் இசை வரிகளுக்கும் இடையே ஒரு எண் பொறித்திருக்கும். பதிவு வரிசையைக் காட்டும் எண் அது. மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் அப்படிப்பட்ட எண்களையும் கம்பெனிப் பட்டியல்களையும் கோத்து, இந்தியாவின் முதல் பதிவுகளைப் பற்றி 1994-ல் ஒரு நூலே எழுதிவிட்டார். யாரோ ஒரு ஊழியர் ஒழுங்காக எண் போட்டுவைத்ததன் பலன் தொண்ணூறு ஆண்டு கழித்துக் கிடைத்தது. கோட்டயம் மாவட்டம் பிளாசனாலில் சன்னி மாத்யூ நடத்தும் இசைத்தட்டு அருங்காட்சியகம் நமக்கு அரைநாள் தூரம்கூட இல்லை. இசைத்தட்டு என்றால் வெறும் ஒலி என்று நினைப்பவர்கள் அங்கே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். தாளில் அச்சடித்த எழுத்து, ஓரத்தில் பொறித்த எண், மேலுறையில் போட்ட விளம்பரம், அத்தனையும் சேர்ந்ததுதான் தட்டு.

பெயர் சொல்வதில் நமக்கு நல்ல வழிகாட்டி வானொலி. 1952-ல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சியானாலும் சரி, காலையில் வரும் சின்ன இசையரங்கானாலும் சரி, அறிவிப்பாளர் வாய்ப்பாட்டுக்காரர் பெயரைச் சொல்லிவிட்டு, அதே குரலில், அதே நிதானத்தில், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று சொல்வார். முடிவில் மறுபடியும் சொல்வார். சின்ன வயதில் நாம் அந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். நேரில் பார்க்காமலேயே பழனி சுப்ரமணிய பிள்ளையையும் பாலக்காடு மணி ஐயரையும் பெயரால் அறிந்தோம். வானொலி அத்தனை ஆண்டுகள் கட்டிக்காத்த ஒழுங்கை நம் கைபேசிகள் சில ஆண்டுகளில் கலைத்துவிட்டன.

கர்நாடக சங்கீதத்தில் பக்கவாத்தியம் வெறும் துணை இல்லை. ஆலாபனையில் பாடகர் ஒரு சுற்று முடித்தால் வயலின் ஒரு சுற்று வாசிக்கும். கல்பனாஸ்வரத்தில் ஒவ்வொரு வீச்சுக்கும் பதில் உண்டு. தனி ஆவர்த்தனம் முழுக்க மிருதங்கத்துக்குச் சொந்தம். ஒரு மூன்று மணி நேரக் கச்சேரியில் பாடகர் வாய் மூடியிருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். அந்த நேரமெல்லாம் யார் வாசித்தார் என்று தெரியாமல் அந்தக் கச்சேரியைக் கேட்டதாக எப்படிச் சொல்வது? பழனி சுப்ரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவருடைய தொப்பியில் எழும் கும்கி தனி அழகு. ஆலத்தூர் சகோதரர்களின் கணக்கு மிகுந்த பல்லவிக்கு அவர் வாசித்திருப்பதையும், வேறொரு மேடையில் மணி ஐயர் வாசிப்பதையும் பெயர் தெரிந்து அடுத்தடுத்துக் கேட்டால் மிருதங்கம் என்பது இரண்டு வேறு உலகங்கள் என்று புரியும். மணி ஐயர் 1960-களில் சங்கீத கலாநிதியானார். அந்தப் பட்டம் பெற்ற முதல் மிருதங்க வித்வான் அவர்தான். மேடையில் உரிய இடம் கிடைக்க அத்தனை காலம் காத்திருந்தவர்களை நம் அலட்சியம் மறுபடியும் பின்வரிசைக்குத் தள்ளுகிறது.

இன்னும் சில செய்திகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தனி ஆவர்த்தனத்தை வெட்டிவிட்டு அனுப்பும் பழக்கம் பெருகிவருகிறது. "நேரம் மிச்சம்" என்கிறார்கள். கேசட் காலத்தில் அது வேறு வழியில்லாமல் நடந்தது. தொண்ணூறு நிமிட கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். பக்கம் முடிந்தால் நிரவலானாலும் தனியானாலும் அங்கேயே அறுந்துபோகும். இன்று அந்தக் கட்டாயம் கிடையாது. முழுக் கச்சேரி இருந்தால் முழுதாக அனுப்புங்கள். சுருதி சேர்ப்பது, அறிவிப்பாளர் பேசுவது, சபையில் எழும் "பலே", எதையும் நீக்க வேண்டாம். ஊரும் காலமும் தெரிய அவைதான் தடயம். அறிவிப்பாளர் வாயிலிருந்து வரும் ஒரு பெயருக்காகப் பிற்பாடு பலர் தேடி அலைவார்கள்.

அடுத்தது வேகம். பழைய ஸ்பூல் டேப்பைக் கணினிக்கு மாற்றும்போது கருவியின் ஓட்டம் சரியாக இல்லாவிட்டால் சுருதி மாறிவிடும். ஏறத்தாழ ஆறு சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், மூன்று மணி நேரக் கச்சேரி பத்து நிமிடம் சுருங்கிவிடும். பாடகரின் குரல் மெலிந்து, மிருதங்கம் டப்பாவாக ஒலிக்கும். கேட்பவர்கள் "அந்தக் காலத்தில் எல்லோரும் வேகமாகப் பாடினார்கள்" என்று தீர்ப்பே சொல்லிவிடுவார்கள். ராமநாதனை ஒன்றரைக் கட்டையில் கேட்டால் அவர் ராமநாதனே இல்லை. ஐயம் வந்தால் அதே வித்வானின் நம்பகமான வேறு பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் "வேகம் சரிபார்க்கவில்லை" என்று இரண்டு வார்த்தை எழுதிவிடுங்கள்.

பகிர்வதற்கும் ஓர் எல்லை வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியான ஒலிப்பதிவுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. கடையில் விலைக்குக் கிடைக்கும் பதிவை இலவசமாகச் சுற்றுக்கு விடுவது, அதைப் பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் செய்யும் துரோகம். அப்படிப்பட்டதை வாங்கச் சொல்லுங்கள். இன்று மேடையில் இருக்கும் இளைஞர்களின் கச்சேரியை அனுமதி இல்லாமல் பதிந்து அனுப்ப வேண்டாம். அவர்கள் சொந்தமாக வெளியிட்டதை அனுப்புங்கள், பக்கவாத்தியக்காரர்கள் பெயரோடு.

இவற்றையெல்லாம் இப்போதே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊரின் காற்று. வைப்பினில் எந்த வீட்டிலும் இரும்பு நிலைப்பதில்லை, காகிதம் காய்வதில்லை. கடலும் காயலும் இருபுறமும் இருக்கும் தீவில் கேசட் நாடா மட்டும் தப்புமா? இடவப்பாதி மழை ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் பெட்டிக்குள் வெள்ளைப் பூஞ்சை கொஞ்சம் முன்னேறுகிறது. பழைய ஸ்பூல்களில் சிலவற்றைத் திறந்தால் காடி நெடி அடிக்கும். நாடாவே கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே கருவியில் ஓட்டாதீர்கள், நாடாவும் போகும், கருவியின் தலையும் கெடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். ஆனால் நாடாவுக்கு முன்பே அழிவது அட்டையில் உள்ள எழுத்துதான். ஆகவே முதல் வேலையாக அட்டைகளைப் படம் பிடியுங்கள். முன்னும் பின்னும், ஓரத்தில் கிறுக்கியதையும் சேர்த்து. ஒலியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அந்த அட்டைகளை எழுதியவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். கிருண்டிக், அக்காய் என்று கனத்த கருவிகளைத் தோளில் சுமந்துகொண்டு சபாவுக்கும் கோயிலுக்கும் போன ரசிகர்கள். பாட்டைக் கேட்டுக்கொண்டே ஸ்பூல் தீருகிறதா என்று கண் வைத்திருந்தவர்கள். வீட்டுக்கு வந்து தூங்கும் முன் ராகமும் தாளமும் பக்கவாத்தியமும் எழுதிவைத்தவர்கள். அவர்கள் அதில் காசு பார்க்கவில்லை. பதிவோடு அவர்கள் பெயரையும் போட வேண்டும். அவர்களோ அவர்கள் வீட்டாரோ வேண்டாம் என்றால் மட்டும் விட்டுவிடலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். பெயரில்லாத பதிவைப் போட்டுவிட்டு, "இது யார் வயலின்?" என்று கேளுங்கள். எர்ணாகுளத்திலும் திருப்பூணித்துறையிலும் எண்பதைத் தாண்டிய ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு வீச்சு கேட்டதும் அடையாளம் சொல்லக்கூடிய காது அவர்களுக்கு. அவர்கள் சொல்வதை எழுதும்போது "இன்னார் அடையாளம் சொன்னார்" என்றும் சேர்த்து எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்டுங்கள். தவறான பெயர், பெயரே இல்லாததைவிடக் கெடுதல். ஒருமுறை கிளம்பிவிட்டால் அதைத் திருத்த யாராலும் ஆகாது.

இனி நாம் அனுப்பும் ஒவ்வொரு பதிவோடும் ஐந்து வரி போகட்டும். பாடியவர் அல்லது வாசித்தவர். பக்கவாத்தியங்கள் எல்லாம், வரிசையாக. ஊரும் ஆண்டும். உருப்படிகளின் ராகமும் தாளமும். பதிவு செய்தவர், வந்த வழி. தெரியாத வரியைக் காலியாக விடுங்கள், வரியையே நீக்கிவிடாதீர்கள். காலியாக இருப்பதைப் பார்த்தால் தெரிந்த ஒருவர் நிரப்புவார்.

ஆறாவதாக ஒரு வரியும் எழுதினால் மகிழ்வேன். எந்த இடம் உங்களை நிறுத்தியது என்று எழுதுங்கள். "பல்லவியில் மிருதங்கக்காரர் வாசிக்காமல் விட்ட அந்த ஒரு ஆவர்த்தனம்" என்று நம் வங்கிக்காரர் ஒருமுறை எழுதியிருந்தார். அந்த வரிக்காகவே அந்தப் பதிவை முழுதும் கேட்டேன். "அருமை", "தெய்வீகம்" என்ற சொற்களைவிட அப்படி ஒரு குறிப்பு ஆயிரம் மடங்கு உதவும்.

நண்பர்களே, இன்றிரவு உங்களில் யாராவது யாருக்காவது ஒரு பதிவு அனுப்பத்தான் போகிறீர்கள். அனுப்பும் பொத்தானைத் தொடும் முன் வயலினும் மிருதங்கமும் யார் என்று எழுதிவிட்டு அனுப்புங்கள். எனக்கு வருவதை நான் அப்படித்தான் அடுத்தவருக்கு அனுப்புவேன்.

அன்புடன்,
வைப்பின் ரசிகன் ஒருவன்